வீட்டுப் பக்கத்து ஓடையில் தூண்டில் போடுகிறவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தக்கைக்காரன்

வணக்கம். இந்தத் தூண்டில் மன்றத்தில் பெரும்பாலும் அணை, ஏரி, கடல் என்றுதான் பேச்சு ஓடுகிறது. நானும் பதினோரு வருடம் அப்படித்தான் இருந்தேன். விடியும் முன் கிளம்பி மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய்ச் சேர்ந்தால், நல்ல இடத்திலெல்லாம் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும். மாதத்துக்கு ஒரு தடவை வாய்த்தாலே பெரிது.

குழந்தை பிறந்த பிறகு அதுவும் நின்றது. ஒரு மாலை அவளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டே நடந்தவன், தெருமுனைச் சிறுபாலத்தில் நின்றேன். கீழே ஓடுவதை எல்லோரும் சாக்கடை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். இரண்டு மீட்டர் அகலம், ஒரு பக்கம் கான்கிரீட் சுவர், மறுபக்கம் கோரை. பாலத்தின் நிழல் விழுந்த இடத்தில் ஒரு வட்டம் விரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. மழையும் இல்லை, சேற்றிலிருந்து வரும் குமிழியும் இல்லை. ஏதோ ஒன்று மேலே வந்து பூச்சியைக் கவ்விக்கொண்டு இறங்குகிறது.

மறுநாள் பழைய தூண்டில் கம்பை எடுத்துக்கொண்டு போனேன். தீக்குச்சி அளவுத் தக்கை, சின்ன முள், அரை விரல் நீள மண்புழு. தக்கை நிழலுக்குள் மிதந்து போய் ஒரு கணம் நின்றது, பிறகு நீரோட்டத்துக்கு எதிராக ஒரு சாண் நகர்ந்தது. தூக்கினால் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. வால் பக்கம் ஒரு கறுப்புப் பொட்டு, செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோடு போட்ட மாதிரி கருமை. அணையில் ஐந்து கிலோ மீன் தூக்கியபோதுகூட எனக்குக் கை அப்படி நடுங்கவில்லை.

இது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. நோட்டுப் புத்தகத்தில் எண்ணிப் பார்த்தேன், இதுவரை 92 தடவை போயிருக்கிறேன். பெரும்பாலும் நாற்பது நிமிடம், ஒரு மணி நேரம். ஒன்பது வகை மீன் பார்த்தாயிற்று. அணைக்குப் போன பதினோரு வருடத்தில் நான் இத்தனை தடவை தண்ணீருக்கு முன்னால் நின்றதில்லை. உங்கள் அனுபவம் எப்படி?

நாணல்

அண்ணா, எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் நேராகவே கேட்கிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னாலும் இப்படி ஒன்று ஓடுகிறது. சில நாள் நுரை, சில நாள் நாற்றம். அதில் கை வைக்கவே எனக்கு மனம் வரவில்லை. எது ஓடை, எது வெறும் சாக்கடை என்று எப்படிப் பிரிப்பது?

தக்கைக்காரன்

நியாயமான கேள்வி தம்பி. நான் வெறும் கண்ணாலும் மூக்காலும்தான் பார்த்தேன். இங்கே நீர்க்காகம் அக்கா நீர்வாழ் உயிரினங்களைப் பாடமாகப் படித்தவர். அவர் வந்து சொன்னால் நன்றாக இருக்கும்.

நீர்க்காகம்

கூப்பிட்டதற்கு நன்றி. நாணல் தம்பி, மீனைத் தேடுவதற்கு முன்னால் கல்லைப் புரட்டிப் பாருங்கள். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஓட்டம் உள்ள இடத்தில் உள்ளங்கை அளவுக் கல் நாலைந்தை எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் குட்டிக் கூடு கட்டிக்கொண்ட புழுவோ, வாலில் மூன்று மெல்லிய இழையும் வயிற்றின் இரு பக்கமும் இறகு மாதிரி அசையும் செவுளும் உள்ள பூச்சிக்குஞ்சோ இருந்தால் தண்ணீர் நீங்கள் நினைத்ததைவிட நல்ல நிலையில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றால் ஆக்சிஜன் குறைந்த நீரைத் தாங்க முடியாது. தட்டான் குஞ்சும் நத்தையும் இருந்தால் நடுத்தரம். செம்புழு மட்டும் நெளிந்தால் மோசம். செம்புழுவின் சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருக்கும் அதே வகைப் பொருள்தான். மற்றவை மூச்சுத் திணறும் சேற்றில் அது பிழைத்திருப்பது அதனால்தான். ஒரு செம்புழுவைப் பார்த்துவிட்டு ஓடை செத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வேறு எதுவுமே இல்லாமல் அது மட்டும் இருப்பதுதான் கெட்ட அடையாளம்.

அடுத்தது அடிமண். ஒரு குச்சியால் கிளறுங்கள். மேலே மணலும் சரளையும் இருந்தால் அங்கே ஓட்டம் இருக்கிறது, முட்டை இட இடம் இருக்கிறது என்று பொருள். கறுப்புச் சேறு வந்து அழுகிய முட்டை வாடை அடித்தால் அந்த மண்ணுக்குள் ஆக்சிஜன் இல்லை. மேலே மணலும் கீழே கறுப்புமாக இருக்கும் இடங்களும் உண்டு. மேல்மணல் எவ்வளவு ஆழம் என்பதுதான் கணக்கு.

ஆக்சிஜனைப் பற்றி ஒன்று. சூடான தண்ணீர் குறைவாகவே பிடித்துவைக்கும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் சுமார் 7.5 தான். அதுவும் சுத்தமான நீர் முழுதாக நிறைந்திருந்தால். 5-க்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் தொல்லை ஆரம்பிக்கும். பாசி நிறைந்த ஓடையில் பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடும், இரவு முழுக்க அதுவும் மூச்சு வாங்கும். ஆகையால் மிகக் குறைந்த அளவு விடியலுக்குச் சற்று முன்னால்தான். வெயில் காலத்து அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், "ஆஹா, மீன் மேய்கிறது" என்று தூண்டில் போடாதீர்கள். அவை மூச்சுக்குத் தவிக்கின்றன. அன்று வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

விரால், குறவை, பனையேறி கெண்டை போன்றவை மேற்பரப்புக்கு வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிப்பவை. இவை இருப்பதை மட்டும் வைத்துத் தண்ணீர் நல்லது என்று சொல்ல முடியாது. சின்னக் கெண்டைக் கூட்டமும் அயிரையும் இருந்தால்தான் எனக்கு நம்பிக்கை வரும்.

கோரைப்புல்

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஓடை உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகு மீன் எங்கே நிற்கும் என்பதுதான் சங்கதி. புதிதாக வருகிறவர்கள் கண்ட இடத்தில் தூண்டிலை விட்டுவிட்டு மீனே இல்லை என்கிறார்கள்.

இயற்கையாக ஓடும் ஓடையில் ஆழமான கசமும் ஆழமில்லாத சலசலப்பும் மாறி மாறி வரும். ஒரு கசத்துக்கும் அடுத்த கசத்துக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் ஓடை அகலத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு. தக்கைக்காரன் அண்ணனின் இரண்டு மீட்டர் ஓடையில் 10 முதல் 14 மீட்டருக்கு ஒரு கசம் வரவேண்டும். கான்கிரீட் போட்ட பகுதியில் இந்தக் கணக்கு அழிந்துபோயிருக்கும். ஆனால் கான்கிரீட் முடிந்து மண் தொடங்கும் இடத்தை விட்டுவிடாதீர்கள். வேகமாக வந்த நீர் அங்கே மண்ணைக் குடைந்து ஒரு பள்ளம் போட்டிருக்கும். சாலைக்கு அடியில் வரும் குழாயின் வாயிலும் அப்படித்தான். நான் பார்த்த நகரத்து ஓடைகளிலெல்லாம் பெரிய மீன் இந்த இரண்டு இடத்தில்தான் நின்றது.

குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தால் அதற்கு மேல் மீன் ஏற முடியாது. கீழே உள்ள பள்ளத்தில் மீன் குவிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மழைக்காலத்தில் மேலே போய் முட்டையிட வேண்டியவை அங்கேயே முட்டி நிற்கின்றன. அந்த மாதத்தில் அங்கே தூண்டில் போடுவதில்லை என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வேறு இடங்கள்: தெருவிளக்கு நீர்மேல் விழும் இடம், இரவில் பூச்சி கொட்டும். சுவரில் கல் பெயர்ந்த பொந்து. தண்ணீரில் கிடக்கும் பழைய டயர். டயரை எடுத்துப் போடத்தான் வேண்டும், ஆனால் எடுக்கிற அன்று அதற்குப் பதிலாக இரண்டு பெரிய கல்லையாவது அங்கே வைத்துவிட்டு வாருங்கள், உள்ளே இருந்தவைக்கு ஒதுங்க இடம் வேண்டும்.

கரையில் நடக்கும்போது காலை மெதுவாக வையுங்கள். மீனின் உடலில் இரு பக்கமும் ஓடும் பக்கக்கோடு நீரின் அதிர்வை உணரும். இரண்டு மீட்டர் அகல ஓடையில் நீங்கள் எங்கே நின்றாலும் மீனுக்கு மிக அருகில்தான் நிற்கிறீர்கள். நான் கரைக்கு வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா உட்காருவேன். அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாதிக் கண்டுபிடிப்பு நடக்கிறது.

மூன்றாம்பாலம்

என்ன கம்பு, என்ன தூண்டில் நரம்பு வைத்திருக்கிறீர்கள்? என்னிடம் இருப்பதெல்லாம் கடலுக்கு வாங்கியவை.

தக்கைக்காரன்

கடல் கம்பு இதற்கு ஆகாது. ரீல் இல்லாத, நீட்டி மடக்கும் கம்பு இரண்டு மீட்டர் போதும். பாலத்துக்கு அடியில் போக வேண்டுமென்றால் இன்னும் குட்டை. நரம்பு 0.14 முதல் 0.18 மில்லிமீட்டர். முள் 12 அல்லது 14-ஆம் எண், எண் கூடக் கூட முள் சின்னதாகும். முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டியிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் அழுத்தி மடக்கிவிடுங்கள், மீனை விடுவிக்க ஒரு நொடி போதும். தக்கைக்குக் கீழே ஒரே ஒரு சின்னக் குண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1987-லேயே பெரும்பாலான அளவு ஈயக்குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள். கரையில் விழுந்ததைக் கல் என்று நினைத்து விழுங்கிய அன்னங்கள் செத்ததுதான் காரணம். டங்ஸ்டன் குண்டோ களிமண் மாதிரி ஒட்டும் டங்ஸ்டன் பசையோ கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஜப்பானில் டனாகோ என்கிற குட்டி மீனுக்கென்றே எடோ காலத்திலிருந்து (17 முதல் 19-ஆம் நூற்றாண்டு வரை) ஒரு தூண்டில் மரபு இருக்கிறது. கம்பு, தக்கை, முள் எல்லாமே மிகச் சின்னது, முள்ளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தீட்டுகிறவர்கள் உண்டு. 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு யென் நாணயத்துக்குள் அடங்கும் மீனைப் பிடிப்பதை அங்கே திறமையாகப் பார்க்கிறார்கள். அந்த மீன் முட்டையிடுவது உயிருள்ள நன்னீர்ச் சிப்பிக்குள். சிப்பி போனால் மீனும் போகும். சின்ன மீன் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது.

மீன்கொத்தி

சின்ன மீன் எல்லாம் சரி. எங்கள் ஓடையில் போன வாரம் ஒரு விரால் பார்த்தேன், முழங்கை நீளம். மேலே செக்கச்செவேலென்று குஞ்சுக் கூட்டம் பந்து மாதிரி கொதித்துக்கொண்டிருக்க, அது அடியில் நின்றது. குஞ்சுக்கு நடுவில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும் என்று சொல்கிறார்கள். இந்த வாரம் போகலாம் என்றிருக்கிறேன். தவளை பொம்மை நல்லதா, உயிர் இரையா?

நீர்க்காகம்

தம்பி, தயவுசெய்து போகாதீர்கள். அது பசியில் கடிப்பதில்லை, குஞ்சுக்குக் காவல் நின்று கடிக்கிறது. அதனால்தான் அவ்வளவு சுலபமாக மாட்டுகிறது. காவல் போனதும் சிலேபியும் கெளுத்தியும் நீர்ப்பாம்பும் அந்தச் செம்பந்தை மேய்ந்துவிடும். நீங்கள் பிடிப்பது ஒரு மீன், போவது ஒரு தலைமுறை. பெரிய ஏரியில் இப்படி நாற்பது ஜோடி இருக்கலாம். உங்கள் ஓடையில் எத்தனை இருக்கும்?

மீன்கொத்தி

பிடித்துவிட்டு உடனே விட்டுவிட்டால்கூடவா அக்கா?

நீர்க்காகம்

ஆமாம். நீங்கள் அதைத் தூக்கி முள்ளெடுத்துப் படம் எடுக்கும் இரண்டு மூன்று நிமிடத்திலேயே மற்றவை உள்ளே புகுந்துவிடும். களைத்துப்போன மீன் எல்லாச் சமயமும் அதே இடத்துக்கு உடனே திரும்பாது. குஞ்சு கறுத்து, தனித்தனியாகப் பிரியும் வரை பொறுங்கள். அதுவரை போய்ப் பாருங்கள், படம் எடுங்கள். குஞ்சுகள் காற்று வாங்க ஒரே நேரத்தில் மேலே வந்து இறங்குவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

கரைமேடு

எனக்கு இந்த இழை முழுவதிலும் ஒரு வருத்தம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன். இந்த ஓடைகள் இவ்வளவு காலம் பிழைத்திருப்பதே யாரும் கண்டுகொள்ளாததால்தான். தக்கைக்காரன் ஒரு கெண்டையைப் பற்றி அழகாக எழுதுகிறார். படிக்கிற இருநூறு பேரில் இருபது பேர் கம்பைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதில் ஐந்து பேர் விடுவிக்க மாட்டார்கள், பைநிறைய அள்ளிப் போவார்கள். இரண்டு மீட்டர் அகல ஓடையின் ஒரு கசத்தில் பெரிய மீன் பத்து இருந்தால் அதிகம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் அதைத் துடைத்துவிடலாம். நாம் நல்லது செய்கிறோமா?

தக்கைக்காரன்

கரைமேடு ஐயா, எனக்கும் இந்தப் பயம் உண்டு. என் ஓடை எங்கே இருக்கிறது என்று இதுவரை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். படம் போட்டால் பாலம், கட்டடம், பெயர்ப்பலகை எதுவும் தெரியாமல் வெட்டிவிட்டுத்தான் போடுவேன். எல்லோரும் அப்படியே செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இடத்தைச் சொல்ல வேண்டாம், முறையைச் சொல்வோம். அவரவர் பக்கத்தில் அவரவர் தேடிக்கொள்ளட்டும், தேடிக் கண்டுபிடித்தவனுக்குத்தான் அதன்மேல் பிடிப்பு வரும்.

ஆனால் கண்டுகொள்ளாததால்தான் பிழைத்தது என்பதை ஒப்ப முடியவில்லை. கண்டுகொள்ளாததால்தான் பாதி ஓடைகள் மூடப்பட்டு மேலே சாலை வந்தது. லண்டனின் தெற்குப் பகுதியில் சுமார் 14 கிலோமீட்டர் ஓடித் தேம்ஸில் சேரும் வாண்டில் என்று ஓர் ஆறு. 1960-களில் அதைச் சாக்கடை என்றே அதிகாரப்பூர்வமாக அறிவித்துவிட்டார்கள். இன்றைக்கு அதில், சுத்தமான குளிர்ந்த நீர் வேண்டிய டிரவுட் மீன் குஞ்சு பொரிக்கிறது. ஆலைக் கழிவைக் கட்டுப்படுத்தியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஊர்க்காரர்களும் தூண்டில்காரர்களும் வருடக்கணக்காக இறங்கிக் குப்பை அள்ளியது, சரளை கொட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றை 1938 வெள்ளத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட முழுக்கக் கான்கிரீட்டில் அடைத்தார்கள். ஒரு பகுதியில் மட்டும் நிலத்தடி நீர் கீழிருந்து பொங்கி வந்ததால் அடித்தளம் போட முடியவில்லை. அங்கே மண்ணும் மரமும் மிஞ்சின. இன்றைக்கு அங்கேதான் ஆட்கள் கெண்டைக்குத் தூண்டில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், அந்த ஆற்றுக்காகப் பேசவும் செய்கிறார்கள்.

கோரைப்புல்

ஐயா சொல்வதில் பாதி எனக்கும் சம்மதம். ஒரே கசத்தில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் போடாதீர்கள். என் ஓடையில் ஏழு கசம், சுற்றுமுறையில் போகிறேன். ஒரே மீனை மூன்று தடவை பிடித்த பிறகுதான் இந்தப் புத்தி வந்தது. மேலுதட்டில் வெட்டு விழுந்த ஒரு சிலேபி. மூன்றாம் தடவை கையில் எடுத்தபோது உதடு கிழிந்து தொங்கியது. அன்றைக்கு முழுக்க மனசு சரியில்லை.

கரைமேடு

வாண்டில் பற்றித் தெரியாது, படித்துப் பார்க்கிறேன். இடத்தை மறைப்பது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் என் ஆட்சேபம் பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது.

மூன்றாம்பாலம்

பிடித்ததைச் சாப்பிடலாமா? யாரும் இன்னும் சொல்லவில்லை.

நீர்க்காகம்

நகரத்து ஓடையில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். பாதரசம் மீனின் தசையில் சேர்வது. கழுவினாலும் தோலுரித்தாலும் பொரித்தாலும் போகாது. பிசிபி போன்ற பழைய ஆலைக் கழிவு வேதிப்பொருள்கள் கொழுப்பில் சேரும். அடிச்சேற்றில் மேய்கிற மீனிலும், மற்ற மீன்களைத் தின்று வளர்ந்த பெரிய மீனிலும் இவை கூடுதலாக இருக்கும். மீன் துள்ளலாக இருப்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. உங்கள் பகுதி நீரைச் சோதித்து அரசு வெளியிட்ட அறிவுரை இருந்தால் அதன்படி நடங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உங்களைப் பற்றியும் யோசியுங்கள். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தோல் வெட்டு வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் ஏறும். கையில் காயம் இருந்தால் அன்று போகாதீர்கள். முழங்கால் வரை ரப்பர் காலணி, கை கழுவ ஒரு புட்டி நல்ல தண்ணீர், சோப்பு. போய்வந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் மருத்துவரிடம் ஓடைத் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் அவர் வேறு காய்ச்சல் என்று நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

கோரைப்புல்

ஆபத்து என்று பேச்சு வந்ததால் இரண்டு. ஒன்று, தலைக்கு மேல் மின்கம்பி. இந்த ஓடைகளின் ஓரத்தில்தான் கம்பி இழுத்திருப்பார்கள். கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். கம்பை நீட்டும் முன் மேலே பாருங்கள், ஒவ்வொரு இடம் மாறும்போதும் பாருங்கள்.

இரண்டு, மழை. காட்டு ஓடையில் மழைநீர் மண்ணில் ஊறி மெதுவாக வரும். நகரத்தில் கூரை, தார், கான்கிரீட் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடைக்குள் கொட்டும். உங்கள் தலைமேல் வானம் வெளுத்திருக்கும், மேற்கே பெய்த மழை பத்தே நிமிடத்தில் இடுப்பளவுக்கு வந்துவிடும். பாலத்துக்கு அடியிலும் குழாய்க்குள்ளும் மழை நாளில் நுழையவே நுழையாதீர்கள். நான் ஒரு தடவை குழாய் வாயில் நின்றிருந்தேன். முதலில் வந்தது சத்தம்கூட இல்லை, ஒரு குளிர்ந்த காற்று. குழாய்க்குள் இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற கல் தெரியவில்லை.

நீர்க்காகம்

மழையின் முதல் தண்ணீர் மீனுக்கும் கெடுதல்தான். சாலையில் பல நாள் சேர்ந்த எண்ணெய், டயர்த் தூள் எல்லாம் அந்த முதல் ஓட்டத்தில் வந்து சேரும். அமெரிக்காவில் சியாட்டில் வட்டாரத்து ஓடைகளில் முட்டையிடக் கடலிலிருந்து ஏறிவந்த கோஹோ சால்மன்கள் மழைக்குப் பிறகு முட்டையிடாமலே செத்துக்கொண்டிருந்தன. காரணம் பல வருடம் புரியவில்லை. 2020-ல்தான் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். டயர் ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்றொரு பொருள் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து வேறொன்றாக மாறுகிறது. அந்த மாறிய பொருள்தான் சில மணி நேரத்தில் மீனைக் கொல்கிறது. எல்லா மீனுக்கும் அப்படியில்லை, கோஹோவுக்கு மிகக் கடுமை. ஆகவே கனமழைக்கு மறுநாள் மீன் கடிக்கவில்லை என்றால் இரையை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

தக்கைக்காரன்

இந்த இழையைத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. நல்ல செய்தியோடு வரத்தான் ஆசைப்பட்டேன்.

போன செவ்வாய் காலை பாலத்துக்குப் போனேன். நிழலில் வட்டம் இல்லை. சுவரோரம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது, இலை என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் கெண்டை, வயிறு மேலாக. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது, 63 எண்ணினேன். அயிரை, சிலேபி, இரண்டு கெளுத்தி. தண்ணீரில் மண்ணெண்ணெயும் பெயின்டும் கலந்த மாதிரி வாடை. மேல்பக்கம் நடந்து போனேன். முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு மழைநீர்க் குழாய் வாயில் நீலமும் வெள்ளையுமாகப் பிசுபிசுப்பு. அதற்கு மேல் தண்ணீர் சாதாரணமாக இருந்தது, மீனும் இருந்தது.

நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தின் 98 நாள் பதிவு இருக்கிறது. தேதி, நேரம், நீரின் சூடு, நிறம், என்ன மீன், எத்தனை. அதையும் படங்களையும் வைத்து உரிய அலுவலகத்தில் புகார் எழுதிக்கொடுத்தேன். முதலில் அங்கிருந்தவர் "அதில் மீன் எங்கே இருந்தது?" என்றார். நோட்டைத் திறந்து காட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார், அப்புறம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் ஆள் வந்து குழாயிலிருந்து சோதனைக்கான நீர்மாதிரி எடுத்துப் போயிருக்கிறார்கள். முடிவு இன்னும் வரவில்லை.

கரைமேடு

வருத்தமாக இருக்கிறது தம்பி. நீங்கள் அங்கே போகாமல் இருந்திருந்தால் இதை யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அதை ஒப்புக்கொள்கிறேன். மாதிரியை நீங்களும் ஒரு சுத்தமான கண்ணாடிப் புட்டியில் எடுத்து, நேரம் எழுதி ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்திருக்கிறீர்களா? செத்த மீனில் இரண்டையும் தனியாக உறையவையுங்கள். பிற்பாடு கேட்பார்கள்.

தக்கைக்காரன்

தண்ணீர் எடுத்தேன் ஐயா, பிளாஸ்டிக் புட்டியில்தான். மீன் எடுக்கத் தோன்றவில்லை.

நீர்க்காகம்

பெயின்ட், எண்ணெய் சம்பந்தப்பட்டது பிளாஸ்டிக்கில் சரியாக நிற்காது. அடுத்த தடவைக்கு எல்லோரும் நினைவில் வையுங்கள், கண்ணாடிப் புட்டி, விளிம்பு வரை நிரப்பி மூடுவது. தக்கைக்காரன், குழாய்க்கு மேல்பக்கம் மீன் பிழைத்திருக்கிறது என்பது பெரிய விஷயம். கீழே மீன் திரும்பவும் நிறைவது அங்கிருந்துதான். இடையில் தடுப்பு ஏதும் இல்லையே?

தக்கைக்காரன்

ஒரு சின்ன மதகு இருக்கிறது அக்கா, இரண்டடி உயரம். இறங்கி வர முடியும், ஏற முடியாது. அந்த மேல்பகுதியில் இந்த வருடம் முழுக்க நான் தூண்டில் போடுவதாக இல்லை.

நாணல்

எல்லோருக்கும் வணக்கம். முதலில் சாக்கடையா என்று கேட்டவன் நான்தான். அக்கா சொன்ன மாதிரி ரப்பர் கையுறை வாங்கிக்கொண்டு மூன்று ஞாயிறு கல் புரட்டினேன். முதல் வாரம் செம்புழு மட்டும். கொஞ்சம் மேலே போய், ஓர் அரசமரத்து வேர் தண்ணீருக்குள் இறங்கிய இடத்தில் தேடினேன். அங்கே மணல் கூடு கட்டிய புழு நான்கு, தட்டான் குஞ்சு ஒன்று.

நேற்று மாலை அங்கே முதல் தடவையாகத் தூண்டில் போட்டேன். இருட்டப் போகும் நேரம். தக்கை அமுங்கவே இல்லை, படுத்துவிட்டது. தூக்கினால் பாம்பு மாதிரி ஒன்று, ஒரு சாண் நீளம், பழுப்பு நிறம், வாலுக்குப் பக்கம் வரிசையாகக் கண் போன்ற கறுப்பு வட்டங்கள். மூக்கு நீண்டு சதையாக ஆடிக்கொண்டிருந்தது. கம்பைச் சுற்றிக்கொண்டது. பயத்தில் நரம்பை வெட்டப் பார்த்தேன், பிறகு ஈரத் துணியால் பிடித்து முள்ளை எடுத்து விட்டுவிட்டேன். விரலில் ஏதோ குத்தியது. இது விலாங்கா?

நீர்க்காகம்

விலாங்கு இல்லை தம்பி, ஆரால். விலாங்கின் முதுகில் முள் இருக்காது. ஆராலின் முதுகில் துடுப்புக்கு முன்னால் தனித்தனியாக வரிசை முள் உண்டு, தொட்டதும் நிமிர்த்தும், அதுதான் குத்தியிருக்கும். அந்த ஆடும் மூக்கின் நுனியில் இரண்டு பக்கமும் குழாய் மாதிரி நாசி இருக்கும், அதை வைத்துத்தான் இருட்டில் புழுவைத் தேடும். பகலில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு புதைந்து கிடக்கும். ஈரத் துணியால் பிடித்தது மிகச் சரி, உலர்ந்த கை அதன் மேல் இருக்கும் வழவழப்பை உரித்துவிடும். குத்திய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினீர்களா?

வேர் இருந்த இடத்தில் அடியில் என்ன, மணலா, சேறா?

நாணல்

கழுவிவிட்டேன் அக்கா, வீக்கம் இல்லை.

இன்று காலை மறுபடி போய்க் குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒரு சாணுக்கு மணல். அதற்குக் கீழேதான் கறுப்பு.